பிள்ளையார் கையும் ஒரு பிளாஸ்டிக் குடமும்

12-8-2003, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்றும் பதினொரு மணிக்குத்தான் வந்தது. வீட்டுக்கு ஆறு குடம். சண்டையில்லாமல் பிடித்து முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வார்டு மெம்பர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், குடத்துக்குக் காவல் என்றுதான் சொல்வேன். மீதி வேலையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் என் நாற்காலியில் உட்காருவதும் அவர்தான். கையெழுத்துப் போட மட்டும் காகிதம் வீட்டுக்கு வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விடவில்லை. ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் ராத்திரியில் டேங்கர் லாரிக்காரர்கள் உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள் என்று கத்திக் கத்தி, ஏரிப் பாதை முனையில் குறுக்குக் கம்பி போட வைத்தேன். ஒன்பதடி உயரம். டிராக்டர் போகலாம், டேங்கர் போகாது. பள்ளிவாசல் தெருவில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தஸ்தகீர் பாய்தான் செய்து நிறுத்தினார். இன்று போய்ப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பச்சைக் குடத்தில் விரிசல். மகன் எழில், வேலை செய்கிற கார் கம்பெனியிலிருந்து பட்டி கொண்டுவந்து அடைத்துக் கொடுத்தான். காரின் நசுங்கல் தெரியாமல் பூசுகிற பட்டியாம். இரண்டு டப்பாவில் இருப்பதைக் கலந்தால் ரோஸ் நிறமாகிவிடுகிறது. "இன்னிமே குடம் ஒடஞ்சாலும் இந்த எடம் ஒடையாதும்மா" என்றான். பச்சைக் குடத்தில் ரோஸ் ஒட்டு, பார்க்கச் சகிக்கவில்லை.

15-8-2003, வெள்ளி

குடம் ஒழுகவில்லை.

24-8-2003, ஞாயிறு

பிள்ளையார் ஊர்வலம் பற்றிக் கோயிலில் கூட்டம். இரண்டு வருடமாக எங்கள் ஊரிலும் பெரிய பிள்ளையார் வைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு இந்து அமைப்பின் ஆட்கள் வந்து கொடியும் ரசீதுப் புத்தகமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் மாமனார் இருந்திருந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார். எழிலரசன் என்று பேரனுக்குப் பெயர் வைத்த கட்சிக்காரர் அவர். அந்தப் பேரன்தான் இந்த வருடம் பிள்ளையாருக்கு டிராக்டர் ஓட்டப்போகிறான்.

இந்த வருடச் சிக்கல் தண்ணீர். கோயில் பக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பிள்ளையாரைக் கரைக்கிற அளவுக்குத் தண்ணீர் இருப்பது பள்ளிவாசல் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும்தான். ஏரிக்கரை மேல் ஒற்றை வண்டித் தடம்தான்; அத்தனை ஜனங்களோடு அங்கே போக வேண்டுமென்றால் பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போக வேண்டும்.

தஸ்தகீர் பாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "போங்க, இன்னா இப்போ? தொழுவுற நேரத்துல மட்டும் மேளத்த நிறுத்திட்டு வந்துருங்க. கம்பிகிட்ட மட்டும் புள்ளையார எறக்கித் தூக்கினு போணும், அத மறந்துறாதீங்க" என்றார். பேச்சு அவ்வளவுதான். அமைப்புக்காரர் ஒருவர் மட்டும், "யார்கிட்ட பர்மிஷன் கேட்டுனு கீறீங்க?" என்று முகத்தைச் சுளித்தார்.

31-8-2003, ஞாயிறு

சதுர்த்தி. கொழுக்கட்டை முப்பதுக்கு மேல் பிடித்தேன், இப்போது இடுப்பு வலி. கோயில் பந்தலில் ஆறடிப் பிள்ளையார், வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆசீர்வாதம் செய்கிறார். கண் நன்றாக வரைந்திருக்கிறார்கள்.

எழிலுக்கு அடுத்த மாதம் 26-ஆம் தேதி கம்பெனியில் இன்டர்வியூ. பெர்மனென்ட் ஆவதற்கு. மூன்று வருடமாக கான்ட்ராக்டில் பட்டி தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது பிள்ளைக்கு. பிள்ளையாரிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

6-9-2003, சனி

எழில் பொழுது சாய்ந்த பிறகு வந்தான். சட்டையெல்லாம் சேறு. சாப்பிடாமல் படுத்துவிட்டான். நாளைக்கு ஊர்வலம் என்ற பதற்றமாக இருக்கும்.

7-9-2003, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. எழில் டிராக்டரில். பின்னால் நாங்கள் பெண்கள். ஊர் ஆட்களைவிட வெளி ஆட்கள்தான் அதிகம், இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். பள்ளிவாசல் முன்னால் மேளம் நிற்கவில்லை. நிறுத்தச் சொன்னபடி எங்கள் ஊர் மேளக்காரர் நிறுத்தினார், ஆனால் வேனில் வந்தவர்கள் டிரம் அடித்தார்கள். தெரு மேடு பள்ளம். டிரெய்லர் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிள்ளையாரின் தூக்கிய கை அப்படியே ஒடிந்து கீழே விழுந்தது. யாரோ கத்தினார்கள், "கல்லு! கல்லு அடிக்கறானுங்க!"

அப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஓட்டம். செருப்புகள். தஸ்தகீர் பாய் கடையிலிருந்து புகை. அவர் கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்னாடா பண்றீங்க, நான்டா, தஸ்தகீர்டா" என்று கத்தியதை மட்டும் கேட்டேன். ஊர்ப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நின்றவன் ஒருத்தனும் இல்லை.

போலீஸ் வந்தது. தஸ்தகீர் பாயையும் பள்ளிவாசல் தெருவில் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எழிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

8-9-2003, திங்கள்

பேப்பரில் வந்துவிட்டது. "ஊர்வலத்தில் கல்வீச்சு, மூவர் கைது." டீக்கடையில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். கோயம்புத்தூரில் ஆரம்பித்து அமெரிக்கா வரைக்கும் பேசுகிறார்கள். பள்ளிவாசல் தெருவில் பதினாறு வீடு. அந்த வீடுகளில் எந்தப் பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பது வரை இவர்களுக்குத் தெரியும். நேற்று வரை பாய், இன்றைக்குத் தீவிரவாதி.

ஒடிந்த கையைக் கோயில் மண்டபத்தில் சிவப்புத் துணி விரித்து வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

9-9-2003, செவ்வாய்

நானும் போய்ப் பார்த்தேன்.

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே ஒடிந்திருக்கிறது. எல்லோரும் விரல் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒடிந்த பக்கமாக நின்றிருந்தேன். உள்ளே வெள்ளை மாவு. ஓரத்தைச் சுற்றி ரோஸ்.

வீட்டுக்கு வந்து குடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே ரோஸ்.

சமைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

10-9-2003, புதன்

எழில் ஷிஃப்ட் முடிந்து வந்தான். குடத்தை அவன் முன்னால் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவனே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலமே பிள்ளையாரை டிரெய்லரில் ஏற்றி, தார்ப்பாய் மூடி, ஏரிக்கரை மேலாகச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பிக்கு அடியில் நுழைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள், இவனும் இவன் சிநேகிதன் மாரியும். நாளைக்கு அத்தனை ஜனங்கள் முன்னால் இறக்கித் தூக்கினால் அசிங்கமாம். அளந்து பார்த்தால் நான்கு விரல் இடிக்கிறது. உடனே இந்த அறிவாளிகள் என்ன செய்தார்கள்? டிரெய்லர் டயரில் காற்றை இறக்கினார்கள். "காத்து எறக்கிட்டா போய்டும்னு நெனச்சோம்மா. போச்சு. தலை அடியில போயிடுச்சு. கைய மறந்துட்டோம்."

கம்பியில் முட்டிக் கை ஒடிந்துவிட்டது. கம்பெனிப் பட்டி எடுத்துவந்து ஒட்டி, ஈரம் காய்வதற்குள் மேலே வெள்ளை அடித்து, கைக்கு ஒரு மாலையும் சுற்றிவிட்டார்கள்.

"கல்லுனு கத்தனது யாரு?"

"மாரி. பயத்துல கத்திட்டான். எல்லாரும் எங்கள அடிப்பாங்கன்னு..."

"நீ?"

"நான் கத்தலம்மா. நான் சும்மாதான் இருந்தேன்."

சும்மாதான் இருந்தான். டிராக்டர் மேல் உட்கார்ந்துகொண்டு, கீழே கடை எரிவதைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்தான். இரண்டு அறை விட்டேன். இருபத்திரண்டு வயசு ஆம்பிளையை. அப்புறம் நானும் அழுதேன்.

11-9-2003, வியாழன்

அவரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத பாரு. இருபத்தாறாந்தேதி இன்டர்வியூ. போலீஸ் கேஸுன்னு ஒரு வரி இருந்தா கேட்லயே திருப்பி அனுப்பிருவான். பாய்க்கு பெயில் கெடச்சிரும், நானே வக்கீலுக்குச் சொல்லி ஏற்பாடு பண்றேன். நீ வாயத் தொறக்காத."

அவர் சொல்வது தப்பென்று எனக்கு உடனே தோன்றவில்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

13-9-2003, சனி

லாரித் தண்ணீர். தஸ்தகீர் பாயின் மனைவி ஜைத்தூன் இரண்டு குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றிருந்த முனியம்மாள் அவளுடைய குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "கடைசில வா. எங்களுக்குப் போவ மீந்தா ஊத்துவாங்க." மெம்பர் நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஜைத்தூன் என்னைத்தான் பார்த்தாள். "வரிசைன்னா வரிசைதான், முனியம்மா" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஜைத்தூன் குடத்தை எடுத்துக்கொண்டு வெறுமனே போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் புதிதாக இரண்டு போஸ்டர். ஒன்று, பிள்ளையார் மேல் கல்லெறிந்த கயவர்களைத் தூக்கிலிடச் சொல்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று, பூந்தமல்லிப் பக்கத்து முஸ்லிம் இயக்கம் ஒன்று ஒட்டியது, தஸ்தகீர் பாயை மாவீரன் என்கிறது. அந்த இயக்கக்காரர்கள் பாய் வீட்டுக்கும் போனார்களாம். ஜைத்தூன், "அவரு கல்லும் அடிக்கல, மாவீரனும் இல்ல, வெல்டிங் கட வெச்சிகினு கீறவரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் அந்தக் கல் வேண்டும். இல்லாத கல்.

15-9-2003, திங்கள்

தூக்கமில்லை. பெயில் மனு தள்ளுபடி.

17-9-2003, புதன்

இன்று தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். அவர் விடியற்காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் புடவை மாற்றினேன். "நீ எங்க?" என்றார். "மெம்பரத்தான கூப்ட்டிருக்காங்க?" என்றேன். பிறகு பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "காலிக் கொடத்த எடுத்துகினு கெளம்பறியேடி, நல்ல காரியத்துக்குப் போற லட்சணமா இது?" என்று கத்தினார். அவருக்குக் கோபம் குடத்தின் மேல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வழியை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு, ஏனோ தெரியவில்லை, நகர்ந்தார்.

எழில் உள்ளே படுத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் போய், "சொல்லப்போறேன்டா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ்ஸில் கண்டக்டர் காலிக் குடத்துக்கும் லக்கேஜ் கேட்டான். மடியில் வைத்துக்கொண்டேன்.

தாசில்தார், டி.எஸ்.பி., இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்கள், பேப்பர்காரர்கள். முக்கால் மணி நேரம் நாட்டின் நிலைமையைப் பேசினார்கள். அமைப்புக்காரர் பேசினார். இயக்கக்காரர் பேசினார். இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத்தான் இரண்டு பேரும் தப்பாகச் சொன்னார்கள். கடைசியில் தாசில்தார், "உள்ளூர் மெம்பர் ஏதாவது சொல்றாங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவரை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

குடத்தை மேசைமேல் வைத்தேன். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"இந்த ஒட்டு ரோஸா இருக்குதே, பாருங்க சார். ஒடஞ்ச கையிலயும் இதே ஒட்டு இருக்குது. ரெண்டையும் ஒட்டனது எம் புள்ள. கல்லு யாரும் அடிக்கல. மொத நாளே கம்பில முட்டி ஒடஞ்சிடுச்சு." டயரில் காற்று இறக்கிய கதையையும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அமைப்புக்காரர் எழுந்து, "எவ்ளோ வாங்கின?" என்று கேட்டார். இயக்கக்காரரும் சந்தோஷப்படவில்லை. "அப்ப கடைய எரிச்சது யாரு, அதச் சொல்லும்மா" என்றார். நியாயமான கேள்விதான். "வேன்ல வந்தவங்க. பேரு தெரியாது. கை ஒடஞ்சது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றேன். டி.எஸ்.பி. குடத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குடத்தைப் போலீஸ்காரர்களே வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரும் நானும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

18-9-2003, வியாழன்

எழிலையும் மாரியையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

20-9-2003, சனி

எழில் வந்துவிட்டான். எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள், கேஸ் உண்டு. முகம் வீங்கியிருந்தது. சோறு போட்டேன். சாப்பிட்டான். என்னைப் பார்க்கவில்லை.

25-9-2003, வியாழன்

தஸ்தகீர் பாயும் மற்ற இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு?

26-9-2003, வெள்ளி

எழில் கேட் வரைக்கும் போனான். கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு டப்பாப் பட்டியையும் எடுத்துத் தோட்டத்தில் வீசினான். "திருப்தியா?" என்று கேட்டான். இல்லை. திருப்தி இல்லை. என் பிள்ளையின் வேலையை நான்தான் எடுத்தேன். ஆனால் அந்த மனிதர் கடை வாசலில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டாரே. அதில் எழில் பெயரும் இருந்தது. அதை எழிலிடம் நான் சொல்லவில்லை. அவன் காதிலும் விழுந்திருக்கும்.

9-10-2003, வியாழன்

கல்வீச்சு என்று எழுதிய பேப்பர் எதிலும் கம்பி பற்றி ஒரு வரி வரவில்லை. தினமும் பார்க்கிறேன். போஸ்டரும் மழையில்லாததால் கிழியாமல் அப்படியே இருக்கிறது.

ஊரில் எனக்குப் புதுப் பெயர், "பெத்த புள்ளைய காட்டிக் குடுத்தவ". முனியம்மாள் வைத்தது. லாரி வரிசையில் இப்போது என் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்கிறார்கள்.

20-1-2004, செவ்வாய்

இந்த வருடம் கம்பெனிக்காரன் எங்கள் வீட்டுக்கு டைரி அனுப்பவில்லை. பழைய டைரியில் மிச்சமிருக்கிற பக்கங்களில் எழுதுகிறேன்.

தஸ்தகீர் பாய் கடையைத் திறந்துவிட்டார். தகரக் கூரை மட்டும் புதிது, சுவரில் கரி அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கேட்டின் கீல் விட்டுப்போயிருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். வேலையைச் செய்தார். கிளம்பும்போது நானே, "பாய், எம் மேல கோவமா?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒம் மேல இன்னாமா கோவம்? நீ சொன்ன. இல்லன்னா நான் இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "எந் தெருவுல நான் நடந்து போனா, எதிர்ல வர்ற புள்ளைங்க ஒரு தபா என் கையப் பாக்குதுங்கமா. கல்லு கீதான்னு" என்றார்.

அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

2-5-2004, ஞாயிறு

எழில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். மெட்ரோ வாட்டர் டேங்கர். நான் கம்பி போட்டு மறித்தேனே, அதே மாதிரி வண்டி. என்னோடு பேச்சு, "சோறு போடு", "சாவி எங்க", அவ்வளவுதான். அவர் பரவாயில்லை, பேசுகிறார். போன மாதக் கூட்டத்துக்கு, "நீயே போயிட்டு வா" என்றார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா தெரியாது. போய்விட்டு வந்தேன்.

ஜைத்தூன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். இடம் விடாமல் நின்றாள்.

12-9-2004, ஞாயிறு

அடுத்த வாரம் சதுர்த்தி. இந்த வருடம் பெரிய பிள்ளையார் இல்லை. போலீஸ் அனுமதி தரவில்லை.

பின்பக்க ரூம் காலியாக இருக்கிறது. இன்று காலையில் ஒரு பையன் கேட்டு வந்தான். சுடலைக்கண்ணு என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம், ஒரகடத்தில் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறானாம். எழில் லாரியை நிறுத்திவிட்டு வாசலில் சக்கரத்தின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் ரூமைச் சுற்றிப் பார்த்தான். பிடித்திருக்கிறது என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "யண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதிய. இந்த ஊர்லதான போன வருசம் பிள்ளையார் மேல கல்லெறிஞ்சாவ? கூட வேல பாக்கவன் சொன்னான். அந்தப் பக்கம் ரூம் எடுக்காதல, ஒரு மாதிரி ஆளுவன்னு" என்றான்.

என் கையில் முறம் நின்றுவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அலுத்துப்போயிருந்தது, இருந்தாலும் வாயெடுத்தேன்.

அதற்குள் எழில் வாளியைக் கீழே வைத்தான்.

"கல்லு யாரும் அடிக்கல. ஒடச்சது நான்தான். டிராக்டர ஓட்டிகினு போயி அதோ அந்தக் கம்பில முட்டிட்டேன்."

பையன் விழித்தான். எழில் ஏரிப் பக்கம் கையை நீட்டிக் கம்பியைக் காட்டினான். "உன்கூட வேல பாக்கறவன்கிட்ட போயி சொல்லு. எழிலரசன்னு ஒருத்தன் சொன்னான்னு சொல்லு."

அப்புறம் சேற்றுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "ரூம் வேணுமா, வேணாமா?" என்றான்.

வேண்டும் என்றான் பையன். எழில் திரும்பி என்னைப் பார்த்தான். "எம்மா, சாவி குடு" என்றான்.